இனி உன் போனுக்கு ஓடிபி வராது

நாகலாபுரம் வழி, ஆந்திரா,
8 பிப்ரவரி 2026, ஞாயிறு.

அன்புள்ள மகன் ஸ்டீவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் கொஞ்சம் சூடு ஏறியிருக்கிறது, அதை ஏற்றியது நீதான், மேலே படித்தால் தெரியும். அந்தக் குளிரில் உன் இருமல் நின்றதா, நான் சொன்ன மிளகு கஷாயத்தை ஒரு நாளாவது வைத்துக் குடித்தாயா, இல்லை வழக்கம்போல ஏதோ ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினாயா என்று எழுது. லெந்து நாட்கள் வருகிறது, கோயிலுக்குப் போக நேரமில்லை என்று சொல்லாமல் ஒரு ஞாயிறாவது போய் வா.

இரண்டு ஞாயிறாக நான் உன் போனை எடுக்கவில்லை. நைனா எடுத்து, "அம்மா கோவமா கீறா, அப்பறமா பேசுடா" என்று உன்னிடம் சொன்னது எனக்கும் கேட்டது. கோபம்தான், யார் இல்லை என்றது. போனில் பேசினால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மா லிசன், மா லிசன் என்று குறுக்கே வந்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது பார், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னோடு டிரெய்னிங் படித்த திருச்சானூர் வஸுமதியை உனக்குத் தெரியும், அவள் பெண் அலர்மேல் மேல்படிப்புக்காக வருகிற பதிமூன்றாம் தேதி உன் ஊருக்கே விமானம் ஏறுகிறாள். அவள் கையில் இதையும் ஒரு டப்பா மாங்காய்த் தொக்கும் கொடுத்து அனுப்புகிறேன். தொக்கை முதலில் திறக்காதே, இதை முதலில் படி.

நடந்ததை நீ பாதிதான் கேட்டாய், பாதியிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ஜனவரி கடைசியில் டீச்சர்களுக்கு எல்லாம் கூட்டம் போட்டார்கள். வருகிற ஜூனிலிருந்து சின்னச் சின்னப் பிரிவுகளை எல்லாம் பெரிய பள்ளியோடு சேர்க்கப் போகிறார்களாம், எந்தப் பிரிவை வைப்பது எதை எடுப்பது என்பதை நவம்பரில் வீடு வீடாக எடுத்த சர்வே சொல்லுமாம். நம் பள்ளியின் தமிழ்ப் பிரிவு உனக்குத் தெரிந்ததுதான், நீ அஞ்சாவது வரைக்கும் உட்கார்ந்த அதே அறை, இப்போது ஒன்று முதல் அஞ்சு வரை சேர்த்துப் பத்தொன்பது பிள்ளைகள், ஒரே டீச்சர், அது நான். அதை எடுத்துவிட்டால் அந்தப் பத்தொன்பதும் பெரிய ரோட்டைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போக வேண்டும், போய் அங்கே தெலுங்கும் இங்கிலீஷும் மட்டும் இருக்கிற வகுப்பில் உட்கார வேண்டும். அதிகாரி சுவரில் பெரிதாகப் படம் விட்டுக் காட்டினார். உங்கள் ஊரில் தமிழ் பேசும் வீடு ஒன்று என்று இருந்தது. எழுபது வீட்டில் ஒன்று! எனக்கு எங்கிருந்துதான் அத்தனை வேகம் வந்ததோ, எழுந்து நின்று, என் கையில் அறுபத்துமூன்று வீட்டுப் பட்டியல் இருக்கிறது, உங்கள் மெஷினுக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை, சத்தம் போடவில்லை, ஏதோ தட்டித் தேடி ஒரு வீட்டை எடுத்துச் சுவரில் காட்டினார். கிருபானந்தம், மேரி, ஸ்டீவன், மாத்ருபாஷ, அதாவது தாய்மொழி, தெலுங்கு. நம் வீடுதான். "முந்து மீ இல்லு சூஸுகோண்டி மேடம்" என்றார், முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள் என்று. நாற்பது டீச்சர்கள் சிரித்தார்கள். முப்பத்துநாலு வருஷமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற நான் என் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் ஞாபகம் வந்தது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை, நைனா ஏரி மீன் வாங்கி வந்திருந்தார், என் கை முழுக்கச் செதில், அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைகிறது. வாசலில் சச்சிவாலயத்தில், அதான் நம் ஊர் ஆபீஸில், வேலை செய்கிற ரேகா சர்வே டேபை வைத்துக்கொண்டு நின்றாள். எத்தனை பேர், கேஸ் இருக்கிறதா, வண்டி இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், "மாத்ருபாஷ தெலுகேனா மேடம்" என்றாள். நானும் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே, "ஆ, தெலுகே, ராசுகோ அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆமாம் எழுதிக்கொள் என்று என் வாயால்தான் சொன்னேன், அதை நான் மறைக்கவில்லை. இதில் இருக்கிற கூத்தைக் கேள். ரேகா பிச்சாட்டூர்ப் பக்கத்துப் பெண், அவள் வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சே கிடையாது, சர்ச் பின்னால் குழாயடியில் என்னைப் பார்த்தால் "இன்னா டீச்சர், தண்ணி வருதா" என்பவள். ஆனால் கையில் டேப் வந்ததும் அவள் தெலுங்கில் கேட்டாள், அவள் தெலுங்கில் கேட்டதும் நான் தெலுங்கில் சொன்னேன். இரண்டு தமிழச்சிகள் வாசலில் நின்று தெலுங்கில் பேசி, எங்கள் வீட்டில் தமிழ் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டோம். கூட்டம் நடந்த அடுத்த நாள் அவளைப் பிடித்து, உன் வூட்டுக்கு இன்னா போட்ட என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "தெலுங்குதான் டீச்சர், ஃபர்ஸ்ட்டு அதான் வருது, அப்டியே போய்க்கினே இருந்தேன்" என்றாள்.

இதைச் சொல்லத்தான் அன்றைக்கு உனக்குப் போன் செய்தேன். வீட்டு விவரத்தைத் திருத்த வேண்டுமானால் குடும்பத் தலைவர் ஆதாருக்கு ஓடிபி வரும், நைனா ஆதார் உன் பழைய நம்பரோடு கட்டியிருக்கிறது, நீ போகும்போது எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அந்த சிம்மையும் எடுத்துக்கொண்டு போனாய். ஓடிபி வரும் சொல்லுடா என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அது யூசர் எரர் மா, சிஸ்டம் மேல தப்பு இல்ல, கேட்டாங்க நீ சொன்ன, அவ்ளோதான் என்றாய். நீ அங்கே ஆஸ்பத்திரிகளுக்கு இதே மாதிரி கட்டம் கட்டமாகப் படிவம் செய்துகொடுக்கிற வேலையில் இருக்கிறாய், உன் சாதிக்கு நீ பேசுகிறாய் என்று விட்டேன். அப்புறம் சொன்னாய் பார், இங்கிலீஷ் மீடியம் வந்தா நல்லதுதானே, ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப்போற, எதுக்கு வம்பு என்று. அதையும் பொறுத்தேன். கடைசியில் ஒன்று சொன்னாய், நான் ஓடிபி தர்றேன், ஆனா நீ திருப்பதிக்கெல்லாம் மனு எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணு, பென்ஷன்ல கை வெச்சிட்டா என்ன பண்ணுவ என்று. அங்கேதான் நான் போனை வைத்தேன். பயந்துதான் சொன்னாய், என் மேல் இருக்கிற பாசத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியாதா. ஆனால் என் வீட்டு விவரத்தை நான் திருத்த என் பிள்ளையிடம் நான் சத்தியம் செய்துகொடுக்க வேண்டுமா? அதுக்கு வேற ஆளைப் பார்.

இங்கிலீஷுக்கு நான் எதிரி என்று நினைக்காதே, உனக்கு ஏ பி சி டி சொல்லிக்கொடுத்ததே நான்தான். இங்கிலீஷ் வேண்டும், தெலுங்கு வேண்டும், இந்த மண்ணில் தெலுங்கு தெரியாமல் ஒரு சர்டிபிகேட் வாங்க முடியாது. நான் சொல்வது வேறு. ஆறு வயசுப் பிள்ளைக்குப் புரிகிற பேச்சில் பாடம் சொன்னால் அது கேள்வி கேட்கும், டீச்சர் நிலா ஏன் நம்ம கூடவே வருது என்று கேட்கும். புரியாத பேச்சில் சொன்னால் எஸ் மேடம் என்று மட்டும் சொல்லும். போன வருஷம் இங்கிருந்து பெரிய பள்ளிக்குப் போன நாலு பிள்ளைகளைப் பார்க்கப் போனேன், நான்கும் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அந்த டீச்சர் என்னிடம் உங்க பிள்ளைகள் ரொம்ப ஒழுக்கம், சத்தமே வராது என்று பாராட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது ஸ்டீவன். அதில் ஒன்று இங்கே இருந்தபோது வாயை மூடு மூடு என்று நான் தினமும் கத்திய பிள்ளை. நீ இன்றைக்கு மீட்டிங்கில் வெள்ளைக்காரனை நிறுத்திக் கேள்வி கேட்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறாயே, அந்தக் கேள்வி கேட்கிற பழக்கம் உனக்கு எந்த அறையில் வந்தது?

இந்த அரசியல்வாதிகள் ஒருவர் வந்தால் எல்லாம் இங்கிலீஷ் என்கிறார், அடுத்தவர் வந்தால் தாய்மொழி என்கிறார், தாய்மொழி என்று சொல்லும்போது மேடையில் இருப்பவர்கள் நினைப்பது தெலுங்கை மட்டும்தான், அதில் நாம் எங்கே வருகிறோம்? சரி, எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் டிவியில் தினமும் தமிழுக்கு உயிரைக் கொடுப்பேன் என்று மைக்கை உடைக்கிறார்கள், உன் நைனா சோறு துன்னும்போதெல்லாம் அதைத்தான் வைத்துக்கொண்டு உட்காருகிறார். உயிர் எல்லாம் வேண்டாம், ஒரு கட்டு ரெண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் கொடுக்கட்டும், ரெண்டு வருஷமாகப் பழைய புத்தகத்தை ஒட்டுப் போட்டு நடத்துகிறேன். ஊத்துக்கோட்டை நமக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைத் தாண்டி இந்தப் பக்கம் பேசுகிறதும் தமிழ்தான் என்று அவர்களில் ஒருத்தருக்கும் ஞாபகம் வருவதில்லை.

டெக்னாலஜியைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும், உன் அம்மா பழைய பஞ்சாங்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். என் வருகையை முகத்தைக் காட்டித்தான் போடுகிறேன், சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்துத்தான் அனுப்புகிறேன், சிக்னல் இல்லாத நாளில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று அனுப்பியிருக்கிறேன், அறுபது வயசில். இப்போது பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டு மார்க் போடுகிற ஒரு ஆப் வந்திருக்கிறது, தமிழ் அதில் கிடையாது, தெலுங்கில் வாசிக்க வைத்தால் நம் பிள்ளைகளுக்கு எல்லாம் சிவப்பு. எனக்குப் பொறுக்காமல் நானே வாசித்துப் பார்த்தேன், எனக்கும் சிவப்பு, இன்னும் பயிற்சி தேவை என்று வந்தது. ரேகா வாசித்தாள், அவளுக்கும் அதே. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, அன்றைக்கு ஒரு நாள் டீச்சரும் பிள்ளைகளும் ஒரே மார்க். அதை விடு, நைனா செய்ததைக் கேள். மனு எழுத வேண்டும் என்றதும் அவர் போனில் அந்த ஏஐயிடம் சொல்லி நாலு பக்கம் வாங்கிவிட்டார். மாண்புமிகு, பணிந்து, தாழ்மையுடன், கண்ணீர் மல்க வேண்டுகிறேன் என்று போகிறது. நான் எங்கே அழுதேன், கண்ணீர் மல்க என்று எழுத அதுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். நான் அழல, அதுவா எழுதிக்கினு போவுது என்றார். கிழித்துப் போட்டுவிட்டு ஒரே பக்கம் நானே என் கையால் எழுதினேன், அதிகாரிக்குப் புரிய வேண்டுமே, தெலுங்கில் எழுதினேன். தமிழ் வேண்டும் என்று தெலுங்கில் எழுதினேன் என்று நீ சிரிப்பாய், சிரி. எனக்குத் தெலுங்கோடு ஒரு சண்டையும் கிடையாது.

ஆக, உனக்குச் சத்தியம் செய்துகொடுக்கவும் இல்லை, திருப்பதிக்குப் போகாமல் இருக்கவும் இல்லை. போன செவ்வாய் லீவு போட்டுவிட்டு விடிந்ததும் பஸ் ஏறினேன். அங்கே பெரிய அதிகாரி மத்தியானம்தான் பார்த்தார். மனுவை முழுக்கப் படித்தார், அதற்கே அவரை மெச்ச வேண்டும், பாதிப் பேர் வாங்கி வைத்துக்கொள்வதோடு சரி. மெஷினில் இருப்பதை மீறி என்னால் ஒன்றும் செய்ய முடியாது மேடம், இருபத்தெட்டாம் தேதி வரை திருத்தலாம், ஐம்பது வீடு தமிழ் என்று காட்டினால் இந்த வருஷம் உங்கள் பிரிவைத் தொட மாட்டேன் என்றார். வீட்டில் ஒருவர் பெயருக்கு எதிரே மொழி காலியாக இருந்தாலும் அந்த வீடு கணக்கில் வராது என்றும் சொன்னார், அதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும். பென்ஷனில் யாரும் கை வைக்கவில்லை, டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துத் திருச்சானூருக்கு, வஸுமதி வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டுக்காரர் கோயிலில் தினமும் தமிழ்ப் பாசுரம் சேவிக்கிறவர், தலைமுறை தலைமுறையாக அதுதான் அவர்கள் வேலை. நான் இந்தக் கதையைச் சொன்னதும் வஸுமதி எழுந்து போய்த் தன் போனில் அவர்கள் வீட்டு விவரத்தைத் திறந்து பார்த்தாள். தெலுங்கு! காலையிலிருந்து மாலை வரை வாயில் தமிழைத் தவிர வராத மனுஷனுக்குத் தெலுங்கு. அவர் போனை வாங்கித் தானும் பார்த்தார். அப்புறம், "பெருமாளுக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியலையா" என்றார். வஸுமதி விடவில்லை, அதெல்லாம் இருக்கட்டும் முதல்ல ஓடிபி வருதா பாருங்கோ என்று அப்போதே உட்கார்ந்து மாற்றினாள்.

ஊருக்கு வந்து ரேகாவைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன், பள்ளி விட்டு சாயங்காலம் ரெண்டு மணி நேரம், இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் இருட்டும் வரை. வேலை போய்விடும் என்று முதலில் ரேகா பயந்தாள், தப்பாகப் போட்டதைச் சரியாகப் போடுகிறாய், திருத்துவதற்கு அவர்களே தேதி கொடுத்திருக்கிறார்கள், எவன் கேட்பான் பார்க்கலாம், கேட்டால் என் பெயரைச் சொல் என்றேன். கிழக்குத் தெரு ரத்னம்மா வீட்டில் போய், ஏம்மா ரெண்டு பொண்ணும் என்கிட்ட தமிழ் படிக்கிது, நீ இன்னாத்துக்குத் தெலுங்குன்னு சொன்ன என்று கேட்டேன். "அவுங்க தெலுங்குல கேட்டா நாம தெலுங்குலதான டீச்சர் சொல்லணும், அதான மரியாத" என்றாள். எனக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை, நானும் அதையேதான் செய்தேன். கேட்கிறவர் பேச்சில் பதில் சொல்வதை நாம் எல்லோரும் மரியாதை என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருஷம் வாழ்ந்துவிட்டோம். இன்னொன்று கேள், அந்த ஒரே ஒரு தமிழ் வீடு யாருடையது தெரியுமா? பஸ் ஸ்டாப்பு டீக்கடை இஸ்மாயில்! வீட்டில் உருது பேசுகிற மனுஷன். ரேகா தெலுங்கில் கேட்க, டீ ஆத்துகிற மும்முரத்தில் அவன் தமிழில் ஏதோ சொல்ல, அவள் தமிழ் என்று போட்டுவிட்டாள். அதை மாத்தணுமா பாய் என்று கேட்டால், "ஐம்பது வர்ற வரைக்கும் கையை வெக்காத டீச்சரம்மா, நான் ஒருத்தனாவது இருக்கேன்ல" என்கிறான். அதுவும் பொய்க் கணக்குதானே என்று மாற்றச் சொல்லிவிட்டேன், அவனுக்கு வருத்தம்தான். பெரிய தலைவலி ஓடிபிதான். பாதி வீட்டில் ஆதாருக்குக் கொடுத்த நம்பர் இப்போது இல்லை, சிலது ரீசார்ஜ் செய்யாமல் செத்துவிட்டது, சிலது சென்னையில் வேலை செய்கிற பிள்ளை கையில். ஆதார் சென்டருக்குப் பத்துப் பத்துப் பேராக ஆட்டோ வைத்துக் கூட்டிப் போகிறோம். இன்றைக்கு வரை முப்பத்தெட்டு வீடு ஆகியிருக்கிறது.

அந்த முப்பத்தெட்டில் நம் வீடு இல்லை. உன்னிடம் மறுபடி ஓடிபி கேட்பேன் என்று நீ காத்திருந்திருப்பாய், கேட்க மாட்டேன். வியாழக்கிழமை நைனாவைக் கூட்டிக்கொண்டு ஆதார் சென்டருக்குப் போனேன். அவர் கட்டைவிரலை மூன்று முறை வைத்தும் மெஷின் ஒப்புக்கொள்ளவில்லை, கண்ணைக் காட்டி எடுத்தார்கள். உன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட்டாயிற்று, கேஸ் ஆபீஸிலும் பேங்கிலும் அப்படியே. ஆதார், கேஸ், பேங்க், ரேஷன் எல்லாம் இனி என் போனுக்குத்தான் வரும், உன் போனுக்கு ஒன்றும் வராது. இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நிற்கிறது. ஏன் என்று சொல்கிறேன், மறைக்க மாட்டேன். ஆறு வருஷமாக கேஸ் வண்டி வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் நான் உனக்குப் போன் செய்து, நம்பர் வந்ததா சொல்லு சொல்லு என்று அவசரப்படுத்துவேன், நீ தூக்கத்திலிருந்து எழுந்து நாலு எண் சொல்வாய், அப்படியே சாப்பிட்டியா தூங்கினியா என்று ரெண்டு வார்த்தை கேட்டுக்கொள்வேன். நம்பர் மாற்றுவது ஒரு நாள் வேலை, ஆறு வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம். நான்தான் செய்யவில்லை. கேஸ் தீர்ந்தால் உன் குரல் கேட்கும் என்று இருந்தது. இனி அந்தச் சாக்கு உனக்கும் இல்லை எனக்கும் இல்லை, நீ பேசினால் பேச வேண்டும் என்று நினைத்துத்தான் பேச வேண்டும்.

நேற்று சாயங்காலம் ரேகா நம் வீட்டு விவரத்தைத் திறந்தாள், ஓடிபி என் போனுக்கே வந்தது, மகாராணி மாதிரி வாசித்துச் சொன்னேன். கிருபானந்தம் என்ற வரிக்கு, ஐயா உங்களுக்கு இன்னா பாஷை என்று நைனாவைத் தமிழில் கேட்டாள், இப்போது அவள் எல்லா வீட்டிலும் தமிழிலும் கேட்கிறாள் தெலுங்கிலும் கேட்கிறாள், ரெண்டிலும் கேட்டுவிட்டுத்தான் போடுகிறாள். தமிழ் என்று சொன்னார். மேரி, தமிழ். மூன்றாவதாக உன் பெயர் வந்தது, ஸ்டீவன், வெளிநாடு. "அண்ணனுக்கும் தமிழ்னு போட்ரட்டா டீச்சர்" என்று விரலைக் கொண்டுபோய்விட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரியும் உன் மொழி எது என்று, உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. ஆனால் ரேகாவுக்கும் அன்றைக்குத் தெரியும் என்றுதான் இருந்தது, தெரியும் என்று நினைத்து வேகமாகப் போனதால்தான் இவ்வளவு கூத்தும். வீடு வீடாகப் போய் மற்றவர்களைக் கேட்டுப் போடு கேட்டுப் போடு என்று சொல்லிவிட்டு, என் பிள்ளைக்கு மட்டும் கேட்காமல் போட்டால் நான் என்ன டீச்சர்? ரெண்டு வருஷமாக நான் சாப்பிட்டியாடா என்று கேட்டால் நீ யா, ஹேட் சம்திங் என்கிறாய், சண்டைக்கு மட்டும்தான் உனக்குத் தமிழ் வருகிறது. கேட்கிறவர் பேச்சில் பதில் சொல்கிற பழக்கம் கூட உன்னை விட்டுப் போயிருக்கிறது. அதனால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடச் சொன்னேன். ரேகா, "டீச்சர், காலியா வுட்டா இந்த வூடு கணக்குல வராது, உங்க வூடே வர்லன்னா மத்தவங்க இன்னா சொல்வாங்க" என்று பதறினாள். வராவிட்டால் வராமல் போகட்டும், மற்ற நாற்பத்தொன்பதை நான் வேறு வீட்டில் தேடிக்கொள்கிறேன், ஐம்பதாவதும் தேடிக்கொள்கிறேன், என் பிள்ளை வாயிலிருந்து வராததை நான் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நைனா எழுந்து டிவியை நிறுத்திவிட்டார்.

மற்றபடி செய்தி ஒன்றும் இல்லை. சர்ச் கூரைக்கு ஓடு மாற்றுகிறார்கள், உன் பெயரில் நான் ஒரு காணிக்கை கொடுத்தேன். அலர்மேல் புதுசாக வருகிற பெண், குளிருக்கு எங்கே என்ன வாங்குவது என்று தெரியாது, ஒரு நாள் லீவு போட்டுக் கூட இருந்து எல்லாம் வாங்கிக் கொடு, சைவப் பிள்ளை என்பதை மறந்து உன் சமையலை நீட்டிவிடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, மேலே ஒரு ஸ்வெட்டர் போடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல புத்தியும் நல்ல சுகமும் தந்து உன்னை நடத்துவாராக என்று காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறோம், அதில் கோபத்துக்கு இடம் இல்லை, அது வேறு கணக்கு.

இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணியோடு மூடிவிடுவார்கள், மறக்காதே. அதற்குள் போன் செய், இந்த முறை நானே எடுப்பேன். எடுத்ததும் ஹலோ சொல்ல மாட்டேன், உன் வீட்டில் என்ன மொழி என்று தமிழில் கேட்பேன். பக்கத்தில் ரேகா டேபோடு உட்கார்ந்திருப்பாள், நீ என்ன சொல்கிறாயோ அதைப் போடுவாள்.

இப்படிக்கு, மனுவில் போட்ட அதே கையெழுத்தோடு,
உன் அம்மா,
மேரி கிருபானந்தம்,
தமிழ்ப் பிரிவு டீச்சர்.